உம்மாவின் தூளுக்கு ஒரு பெயர்ச்சீட்டு

சென்ற பெருநாளைக்குக் கட்டாரில் இருந்து வந்த என் சாச்சா, சொக்லேட் பைகளோடு ஒரு சின்னப் போத்தலையும் உம்மாவின் கையில் கொடுத்தார். உள்ளே செங்கல் நிறத்தில் ஒரு தூள். "இது மெக்சிக்கோ நாட்டுச் சாமான். பழத்துக்கு மேல தூவிச் சாப்பிடணும்" என்றார். உடனே ஒரு வத்தகப்பழத்தை வெட்டினோம். எல்லோரும் தூவிச் சாப்பிட்டோம். உறைப்பு, புளிப்பு, உப்பு என்று மூன்றும் ஒன்றாக நாக்கில் ஏறின. "ஆ, நல்லா இருக்கே!" என்று வீடே வியந்துகொண்டிருந்தபோது, மூலையில் கதிரையில் இருந்த உம்மும்மா விரலில் கொஞ்சம் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல என்ன புதினம்? மாங்காய்க்குப் போடுற எங்கட தூளுக்குப் போத்தல் போட்டிரிக்காங்க, அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தோம். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் வாசித்தேன். உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் படிக்கிற எனக்கு இப்போது எந்தப் பக்கற்றைக் கண்டாலும் பின்பக்கம் வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. மிளகாய், கடலுப்பு, உலர்த்திய தேசிச்சாறு, சிட்ரிக் அமிலம், கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருள். இவ்வளவுதான். தஹீன் என்ற இந்தத் தூள் 1985 இல் மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஆரம்பித்த ஒரு வியாபாரம். வெராகுரூஸ் மாநிலத்தில் இருக்கும் எல் தஹீன் என்ற புராதன நகரத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அங்கே மாங்காய், அன்னாசி, வெள்ளரி என்று வீதியில் வெட்டி விற்கும் எதன் மேலும் மிளகாயும் தேசிப்புளியும் உப்பும் போடுவது வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் போத்தலில் அடைத்திருக்கிறார்கள்.

எங்கள் திருகோணமலைக்கு இது அந்நியமா? பின்னேரம் டச்பே கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கீறிய மாங்காய், அன்னாசித் துண்டு, அம்பரெல்லா, வெரளிக்காய். பக்கத்தில் ஒரு ரின்னில் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தூள். "தூள் போடவா மகள்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் தருவார்கள். பாடசாலை விட்டு வரும்போது அதைச் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வராத ஒரு மாணவியாவது எங்கள் வகுப்பில் இருப்பாளா?

ஆகவே உம்மும்மா சொன்னது சரி. ஆனால் பாதிதான் சரி. மற்றப் பாதியைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை "எல்லாம் எங்களுடையதே" என்று பெருமை பேசும் இன்னொரு கட்டுரையாகிவிடும்.

மிளகாய் எங்களுடையது அல்ல. அது மெக்சிக்கோவும் அதைச் சுற்றிய நாடுகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிட்டு வளர்த்த செடி. கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போய் வந்த பிறகுதான், 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் வியாபாரத்தோடு ஆசியாவுக்கு வந்தது. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505 இல். எங்கள் திருகோணமலையில் கோட்டை கட்டியது 1624 இல். இன்று பிரெட்ரிக் கோட்டை என்கிறோமே, மான்கள் மேய்கிற அதே இடம். அதற்கு முன்னர் எங்கள் முன்னோரின் கறியில் உறைப்பு என்றால் மிளகுதான். புதிதாக வந்த காயைப் பார்த்து, மிளகைப் போல் உறைக்கும் காய் என்று மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் ஸ்பானியரும் இதையே செய்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் மிளகு பிமியெந்தா, மிளகாய் பிமியெந்தோ. உலகத்தின் இரண்டு மூலைகளில் இருந்தவர்கள் ஒரே காயைக் கடித்து ஒரே விதமாக யோசித்திருக்கிறார்கள்!

மறுபுறம், தேசிக்காய் மெக்சிக்கோவினுடையது அல்ல. அது ஆசியாவின் மரம். அரபு வணிகரும் விவசாயிகளும் அதை மேற்கே கொண்டுபோனார்கள். ஸ்பெயினில் அது வேர்விட்டது முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில். ஸ்பானிய மொழியில் அதைக் குறிக்கும் லிமோன் என்ற சொல்லே அரபுச் சொல்லில் இருந்து வந்ததுதான். 1493 இல் கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில் புளிப்புப் பழ விதைகள் அமெரிக்கக் கரைக்குப் போயின. அவர்கள் அந்தத் தூளைத் தூவிச் சாப்பிடும் மாம்பழமும் இங்கிருந்து போனதே. மாங்கோ என்று உலகம் சொல்லும் பெயரில் எங்கள் மாங்காய் இருக்கிறது. மெக்சிக்கோவில் இன்றும் ஒரு மாம்பழ இனத்தின் பெயர் மணிலா. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களின் ஞாபகம் அது.

அவர்கள் மிளகாயைத் தந்தார்கள். இந்தப் பக்கத்தில் இருந்து தேசிக்காயும் மாங்காயும் போயின. இரண்டு பக்கத்துச் சனங்களும் அவற்றைக் கலந்து உப்புப் போட்டுத் தின்றார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யவில்லை. துறைமுகப் பட்டினத்துப் பிள்ளைகளான நாங்கள் இதை விளங்கிக்கொள்வது கஷ்டமல்ல. கப்பல் வந்தால் சாமான் இறங்கும், சாமான் ஏறும். எது யாருடையது என்ற சண்டை அதற்குப் பிறகுதான்.

இனி உம்மா ஏன் சிரிக்கவில்லை என்று சொல்கிறேன்.

வாப்பாவுக்குத் துறைமுகத்தில் கூலி வேலை. எல்லா நாளும் வேலை இருக்காது. மூன்று வருடமாக உம்மா வீட்டில் மாங்காய் அச்சாறும் இந்தத் தூளும் செய்து, சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் போட்டு, மெழுகுதிரி நெருப்பில் வாயை ஒட்டிக் கொடுத்து வந்தார். எங்கள் வீதிக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் அவை தொங்கும். என் ரியூஷன் காசின் ஒரு பகுதி அந்தப் பைகளில் இருந்துதான் வந்தது. பெருநாளைக்கு ஒரு கிழமை முன்னர் கடைக்காரர் எல்லாப் பைகளையும் திருப்பித் தந்துவிட்டார். "லேபல் இல்லாம இனி வைக்க ஏலாது தங்கச்சி. பீஎச்ஐ வந்தா எனக்குத்தான் பிரச்சினை" என்றாராம். உம்மா ஒன்றும் பேசாமல் பைகளை அடுப்படித் தட்டில் அடுக்கி வைத்தார். அதே அடுப்படிக்குத்தான் கடல் தாண்டி அந்தப் போத்தல் வந்தது. அதன் விலையை றியாலில் இருந்து ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தபோது, உம்மாவின் எத்தனை பைகளுக்குச் சமம் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

எனக்குக் கடைக்காரர் மேல் கோபம் வந்தது. எங்கள் சாமானை ஒதுக்கிவிட்டு வெளிநாட்டுச் சாமானை மதிக்கிறார்களே என்று ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியும் விட்டேன். பிறகு ஒரு விஷயத்தை வாசித்தேன். அந்தக் கட்டுரையைக் கிழித்துவிட்டேன்.

2005 பெப்ரவரியில் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளில் இருந்து திருப்பி எடுத்தார்கள். காரணம், ஒரு தொகுதி மிளகாய்த்தூள். அதில் சூடான் 1 என்ற சாயம் கலந்திருந்தது. அது உணவுக்குத் தடைசெய்யப்பட்ட சாயம். புற்றுநோய் அச்சம் உள்ளது. மிளகாய்த்தூள் ஒரு சோஸில் சேர்ந்து, அந்தச் சோஸ் நூற்றுக்கணக்கான சாப்பாடுகளில் சேர்ந்திருந்தது. எப்படி எல்லாவற்றையும் தேடிப் பிடித்தார்கள்? ஒவ்வொன்றிலும் லேபல் இருந்தது. செய்தவர் பெயர், திகதி, தொகுதி இலக்கம் இருந்தன. எங்கள் நாட்டிலும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழுள்ள ஒழுங்குவிதிகளும் அதைத்தான் கேட்கின்றன: பொருளின் பெயர், நிறை, உள்ளடக்கம், செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், செய்தவரின் பெயரும் முகவரியும்.

யோசித்துப் பாருங்கள். பெயர் இல்லாத பையில் உம்மாவின் தூளும் ஒன்றுதான், செங்கல் தூளும் சாயமும் கலந்த ஏமாற்றுத் தூளும் ஒன்றுதான். சாப்பிடும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? லேபல் கேட்பது உம்மாவை அவமதிப்பதல்ல. ஏமாற்றுக்காரனிடம் இருந்து உம்மாவைப் பிரித்துக் காட்டுவதற்கு அதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். லேபல் ஒட்ட முதல் லேபலுக்குத் தகுதியான தூளைச் செய்யவேண்டும். உம்மாவிடம் கேட்டேன். "படிக்கிற நேரத்துல இது என்னத்துக்கு?" என்றார். "இதுவும் படிப்புத்தான் உம்மா" என்றேன்.

முதல் முறை தோற்றுப்போனேன். தேசிக்காய்களைத் தோலோடு நறுக்கிக் காயவைத்து அரைத்தேன். கசந்தது. தோலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பகுதிதான் கசப்பு. இரண்டாம் முறை பச்சைத் தோலை மட்டும் மெல்லிதாகத் துருவினேன். உப்பில் தேசிச்சாறு விட்டுப் பிசறி அலுமினியத் தட்டில் வெயிலில் வைத்தேன். தட்டு கறுத்து, உப்பில் உலோக வாடை அடித்தது. அமிலமும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும் என்பது பரீட்சை விடைத்தாளில் நான் எழுதத் தெரிந்த விஷயம். அடுப்படியில் மட்டும் மறந்துவிட்டேன்.

மூன்றாம் முறை சரிவந்தது. செய்ய விரும்புபவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். செத்தல் மிளகாயைக் காய்ந்த துணியால் துடைத்து, பூஞ்சணம் பட்டதை எல்லாம் எறிந்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த மிளகாயில் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. உறைப்பு குறைய வேண்டுமென்றால் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெளிறிய நரம்பை எடுத்துவிடுங்கள். உறைப்பு விதையில் அல்ல, அந்த நரம்பில்தான் அதிகம். மெல்லிய நெருப்பில் மணம் வரும்வரை மட்டும் சூடாக்கி, ஆறவிட்டு, கொரகொரப்பாக அரையுங்கள். உப்பை ஒரு பீங்கான் தட்டில் பரப்பி, தேசிச்சாறு விட்டுப் பிசறி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் திரும்பச் சாறு விட்டுத் திரும்பக் காயவையுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும். புளிப்பைத் தரும் சிட்ரிக் அமிலம் உப்போடு தங்கிவிடும். துருவிய பச்சைத் தோலை மட்டும் வெயிலில் வைக்காமல் நிழலில் காற்றில் உலர்த்துங்கள். மணம் தருவது அதிலுள்ள எண்ணெய். சூடு பட்டால் பறந்துவிடும். நான்கு கரண்டி மிளகாய்க்கு இரண்டு கரண்டி புளிப்புப்பு, ஒரு கரண்டி தோல் துருவல், விரும்பினால் ஒரு சிட்டிகை சீனி. எல்லாம் நன்றாக ஆறிக் காய்ந்த பிறகே போத்தலில் போடவேண்டும்.

ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் இதைச் செய்தால் இரண்டு நாளில் எல்லாம் சருகாகும். வாடைக்காற்றுக் காலத்தில் செய்தால் உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கட்டிபடும். அதற்கு உம்மும்மாவிடம் மருந்து இருந்தது: போத்தலுக்குள் ஒரு பிடி வறுத்த அரிசி. மெக்சிக்கோப் போத்தலின் பின்பக்கத்தில் கடைசியாக எழுதியிருந்த பொருள் செய்யும் வேலையை எங்கள் உம்மும்மாவின் அரிசி செய்கிறது. புளிப்பு ஏற ஏற உப்பைக் குறைத்தாலும் நாக்குக்குக் குறை தெரிவதில்லை என்பதையும் கண்டோம். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே சாப்பிடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரஷர் குளிசை குடிக்கும் உம்மும்மாக்கள் உள்ள வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

உப்பைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊரில் உப்புவெளி என்று ஓர் இடம் இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் உப்பளம் இருக்கிறது. நாட்டைச் சுற்றிவரக் கடல். ஆனாலும் 2025 இல் மழையால் உப்பளங்கள் கெட்டு, இந்தியாவில் இருந்து உப்பு இறக்கவேண்டி வந்தது. கடை கடையாக உப்புத் தேடி அலைந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். செத்தல் மிளகாயிலும் பெரும்பகுதி இந்தியாவில் இருந்துதான் வருகிறது. "எங்கட தூள்" என்று மார்தட்டும் முன், அதில் எங்களுடையது எவ்வளவு என்று கேட்கத்தான் வேண்டும். எங்களுடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: செய்யத் தெரிந்த கை.

அந்தக் கையைப் பற்றித்தான் என் கருத்து.

என் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பொம்பிளைப் பிள்ளைகளை அடுப்படிய விட்டு வெளிய கொண்டு வரத்தான் உம்மாமார் எங்களப் படிப்பிக்கிறாங்க. நீ திரும்ப அடுப்படிக்கே போகச் சொல்றியா?" நல்ல கேள்வி. பல நாள் அதை யோசித்தேன். எந்தப் பிள்ளையும் அடுப்படியோடு நிற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உம்மா ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார். நாங்கள் டொக்டராகவும் எஞ்சினியராகவும் ஆகி வெளியேறிய பிறகும் அங்கேதான் நிற்பார். அவர் அங்கே செய்வதை "சும்மா வீட்டு வேலை" என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தால், படித்த பிள்ளைகளால் அவருக்கு என்ன பயன்? ஒரு விளங்காத படிவத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஏலாத உயர்தரம் எதற்கு?

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். முதலாவது, பாடசாலையிடம். எங்கள் ஆய்வுகூடத்தில் பரீட்சைக்காக மட்டும் அமிலமும் ஈரப்பதனும் அளக்கிறோம். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் உணவு செய்து விற்கும் உம்மாமாரை அழைத்து, அவர்களின் அச்சாறையும் தூளையும் நாங்களே பரிசோதித்துச் சொல்லலாமே. ஒரு பாடவேளைச் செயன்முறை போதும். இரண்டாவது, சட்டத்தை நடைமுறைப்படுத்துபவர்களிடம். லேபலில் என்ன எழுதவேண்டும், எங்கே பதியவேண்டும் என்பதை வீட்டுப் பெண்களுக்கு விளங்கும் தமிழில் ஒரே தாளில் தாருங்கள். பிடிப்பதற்கு முன் சொல்லிக் கொடுப்பது இலகு. மூன்றாவது, எங்களிடமே. கடலுக்கு அப்பால் இருந்து வந்ததென்பதற்காக ஒன்றை வியக்கவும் வேண்டாம். எங்களிடமும் இருக்கிறது என்பதற்காக அதை இகழவும் வேண்டாம். திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். பிறகு உங்கள் வீட்டுத் தூளுக்கும் ஒரு பின்பக்கம் எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல தம்பி கணினியில் அடித்தான். பெயர், நிறை, உள்ளடக்கம், திகதி எல்லாம் முடிந்து "செய்தவர்" என்ற இடம் வந்தபோது, "வாப்பாட பேரப் போடு மகள்" என்றார் உம்மா. பக்கத்தில் இருந்த வாப்பா, "நானா அரைச்ச? உன்ட பேரப் போடு" என்றார். உம்மாவின் பெயர் அச்சில் வந்ததை நான் அதற்கு முன் அடையாள அட்டையிலும் கலியாணப் பதிவிலும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பதிவு வேலைகள் இன்னும் முடியவில்லை. கடைக்காரர் "கொண்டு வாங்க, பாப்பம்" என்று சொல்லியிருக்கிறார். சாச்சாவின் போத்தல் முடிந்துவிட்டது. அதைக் கழுவிக் காயவைத்து, உம்மாவின் தூளை நிரப்பி, ஒரு பிடி வறுத்த அரிசியும் போட்டு, சாச்சா திரும்பிப் போகும்போது அவர் பைக்குள் வைத்து அனுப்பினோம்.

உயர்தரம், தொழில்நுட்பப் பிரிவு